தெய்வானை டீச்சரை வெளியே அனுப்பிய கையெழுத்து

புதிதாகத் தலைமையாசிரியர்கள் ஆகியிருக்கும் உங்கள் எல்லாருக்கும் என் பணி அனுபவத்தை எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். நான் எழுப்பிய கட்டடங்களைப் பற்றியும் வாங்கிய மாலைகளைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்தால் தாளை இப்போதே மடித்து வைத்துவிடுங்கள். நான் ஒரு பெண்ணின் வேலையைப் பறித்தவன். சத்தம் போடாமல், மரியாதையாக, விதிமுறைப்படி பறித்தேன். அதைத்தான் எழுதப் போகிறேன். நீங்களும் ஒருநாள் அப்படித்தான் செய்வீர்கள் என்கிற கோபத்தில் எழுதுகிறேன்.

மெர்டேக்கா வந்து, நாடு விடுதலையாகிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. மலாக்காவில் காஜா பேராங் பக்கம் இருந்த ஒரு தமிழ்ப் பள்ளிக்கு என்னைத் தலைமையாசிரியராகப் போட்டார்கள். பள்ளியின் பெயர் வேண்டாம். அது இன்று அங்கே இல்லை. எனக்கு முப்பத்திரண்டு வயது. பதவி தற்காலிகம்தான். பள்ளி வாரியம் எழுதிக் கொடுத்தால்தான் உறுதியாகும். நகராண்மைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் ஆஸ்பத்திரி ஆயாக்களின் பிள்ளைகளும்தான் எங்கள் மாணவர்கள். என்னையும் சேர்த்து ஏழு ஆசிரியர்கள்.

அப்போது இரண்டு உத்தரவுகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்று, எல்லா வகுப்புக்கும் மலாய் சொல்லித்தர வேண்டும். மற்றொன்று, ஆசிரியர்கள் எல்லாரும் மலாய்த் தேர்வு எழுதித் தேற வேண்டும். இல்லாவிட்டால் பதவி நிலைக்காது. எங்கள் ஏழு பேருக்கும் தெரிந்த மலாய், பாசாரில் மீன் வாங்கப் போதும். அதற்குமேல் ஒரு வரி எழுதச் சொன்னால் கை நின்றுவிடும். மலாய் படித்த ஆசிரியர் யாரும் எங்கள் பள்ளிக்கு வரத் தயாராக இல்லை.

நானே நடந்து போய் ஆள் தேடினேன். பள்ளியிலிருந்து எட்டும் தூரத்தில்தான் மலாக்கா செட்டிகளின் குடியிருப்பான கம்போங். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறியவர்கள்; கோயிலும் விபூதியும் நம்முடையவை, வாயில் வருவது மட்டும் மலாய். அங்கே தெய்வானை என்றொரு பெண், அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மலாய் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார் என்று கேள்விப்பட்டேன். மலாய்ப் பள்ளியிலும் பிறகு கான்வென்டிலும் படித்தவர். திருமணம் ஆகவில்லை, படுக்கையில் கிடந்த அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மலாயை ஆங்கில எழுத்தில் எழுதும் ரூமியும் அரபு எழுத்தில் எழுதும் ஜாவியும் முத்து முத்தாக எழுதுவார். ஆனால் ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ் கிடையாது.

"எனக்குத் தமிழ் சிக்கிட்தான் தெரியும், குரு பெசார்," என்றார். சிக்கிட் என்றால் கொஞ்சம். குரு பெசார் என்றால் தலைமையாசிரியர். கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தார்.

"பரவால்ல டீச்சர். எங்களுக்கு மலாய்தான் வேணும்," என்றேன். அந்த வார்த்தையை நான் பிறகு காப்பாற்றவில்லை.

முதல் நாள் சாரோங் கெபாயா என்ற மலாய் உடையில் ஆசிரியர் அறைக்குள் வந்தார். மூத்த ஆசிரியர் சிங்காரம் மேலும் கீழும் பார்த்தார்.

"பேரு தெய்வானை. நெத்தியில விபூதி. தமிழ் மட்டும் வராதா?"

எல்லாரும் சிரித்தார்கள். தெய்வானை டீச்சர் முகம் மாறாமல் சொன்னார்: "விபூதிக்குப் பாஷை இல்லைலா, சார்."

நானும் சிரித்தவன்தான். அவர் பதில் சொன்னதற்குப் பிறகு அல்ல, சிங்காரம் கேட்டபோதே. தலைவன் சிரித்தால் அது அந்த அறையின் சட்டமாகிவிடுகிறது. அன்றிலிருந்து அவருக்கு ஆசிரியர் அறையில் மேசை போடும் எண்ணம் யாருக்கும் வரவில்லை. விளையாட்டுச் சாமான்கள் கிடக்கும் அறையில் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து நோட்டுத் திருத்தினார். சரோஜா என்ற இளம் ஆசிரியை இரண்டு முறை என்னிடம் கேட்டாள். "மேசைக்கு எழுதியிருக்கேன், வரும்," என்றேன். எழுதவே இல்லை.

காலையிலிருந்து கடைசி மணிவரை அவருக்கு இடைவெளி கிடையாது. ஆறு வகுப்புக்கும் அவர் ஒருவரே. அவர் பாடம் நடத்திய விதத்தை ஜன்னல் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். மற்றவர்கள் ஆடு, மாடு, வாழைப்பழம் என்று தொடங்குவார்கள். அவர் பிள்ளைகளை நோயாளியாகவும் தாதியாகவும் நிறுத்துவார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, எந்த வரிசையில் நிற்க வேண்டும். அடுத்த வாரம் போலீஸ் ஸ்டேஷன். அதற்கடுத்த வாரம் தபால் நிலையம். "இந்தப் பிள்ளைங்க வீட்டுக்கு இவங்கதான் வாய், குரு பெசார்," என்பார்.

ஆசிரியர்களுக்கான தேர்வு நெருங்கியது. அறையில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருநாள் பள்ளி முடிந்ததும் தெய்வானை டீச்சர் என் அறைக்கு வந்தார்.

"நான் சொல்லித் தரட்டுமா? ரெண்டு மணிக்கு மேல கிளாஸ் சும்மாதானே இருக்கு."

அவர் அப்பாவுக்குச் சோறு ஊட்ட வேண்டிய நேரம் அது. அண்டை வீட்டில் சொல்லி வைத்துவிட்டு வந்தார். மதிய வெக்கையில், தகரக் கூரைக்குக் கீழே, நாங்கள் ஆறு பேர் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டி இடிக்க உட்கார்ந்தோம். சிங்காரம் மட்டும் வரவில்லை. ஐம்பதை நெருங்கிய மனிதர், நான்கு பெண்களுக்குத் தகப்பன். பிழையாகப் படித்து மற்றவர்கள் சிரித்துவிடுவார்களோ என்று பயந்தார். அந்தப் பயம் என்ன என்று அவருக்குத் தெரியாதா? அவர்தானே அதை மற்றவருக்குக் கொடுத்தவர்.

தெய்வானை டீச்சர் அவரிடம் போய், "சார், நீங்க நாலு மணிக்கு வாங்க. நான் கதவைச் சாத்திடுறேன். யாருக்கும் கேட்காது," என்றார்.

அப்படியே நடந்தது. எங்களுக்கு முடித்ததும் அவருக்குத் தனியாக. சிங்காரம் படித்ததை அந்தக் கதவுக்கு வெளியே யாரும் கேட்கவில்லை.

ஏழு பேரும் தேறினோம், ஒருவர் விடாமல்.

வாரியத்தார் மகிழ்ந்துபோனார்கள். பள்ளி மண்டபத்தில் தேநீர் விருந்து வைத்தார்கள். வாரியத் தலைவர் நகரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கையில் மாலையோடு மேடைக்கு வந்து, "இந்தத் தம்பி வந்த பிறகுதான் பள்ளிக்கு ஒரு முதுகெலும்பு வந்திருக்கு," என்று என் கழுத்தில் போட்டார். நான் பேசினேன். "நாங்கள் அனைவரும் ஒன்றாகப் பாடுபட்டோம்," என்றேன். பின்வரிசையில் தூணுக்குப் பக்கத்தில் தெய்வானை டீச்சர் நின்றிருந்தார். அவர் பெயரை நான் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று வெகுகாலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் மாலை கொஞ்சம் இளைத்துவிடும் என்று தோன்றியது. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் பள்ளி இன்ஸ்பெக்டர் அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. சான்றிதழ் இல்லாமல் பாடம் நடத்துபவர்களுக்கு வார இறுதிப் பயிற்சி வகுப்பு. முடித்தால் நிரந்தர ஆசிரியர். எங்கள் பள்ளிக்கு ஒரே ஓர் இடம். தலைமையாசிரியர் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். தெய்வானை டீச்சருக்காகவே வந்ததுபோல் இருந்தது. நான் அன்றே போட்டிருக்க வேண்டும். 'நாளைக்கு நிதானமாக எழுதுவோம்' என்று மேசை இழுப்பறையில் வைத்தேன்.

அந்த 'நாளைக்கு' வாரியத் தலைவர் வந்தார்.

"ஒரு படிவம் வந்திருக்காமே?"

"ஆமாங்க. தெய்வானை டீச்சருக்கு..."

"அது சரி. என் மச்சினன் மகன் ஒருத்தன் படிச்சிட்டுச் சும்மா இருக்கான். நல்ல பையன். அவன் பேரைப் போடுங்க."

"அவர் இங்க வேலை பார்க்கலையேங்க."

"வர்ற திங்கக்கிழமை சேர்த்துக்குங்க. அந்தப் பொம்பளை இடம் இருக்குல்ல. இப்பதான் உங்க எல்லாருக்கும் மலாய் வந்துருச்சே, அது எதுக்கு இன்னும்? தமிழும் தெரியாது. நம்ம பள்ளிக்கூடத்துல தமிழ் தெரியாத ஆளா?"

அவர் எழுந்தார். குரலை உயர்த்தவில்லை. "உங்க வேலை இன்னும் உறுதியாகல, இல்ல? இந்த மாசக் கூட்டத்துல அதையும் எடுப்போம்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு முன்பு வேறு பள்ளியில் தலைமையாசிரியராக இருந்து, என்னைக் கைபிடித்து வளர்த்தவர் ஒருவர் இருந்தார். அவர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எதிர்த்து நிக்காத. நீ போயிட்டா அந்தப் பள்ளிக்கூடத்துக்கு யாரு? அந்தப் பொண்ணுக்கு அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்."

அந்தச் சொல்லைக் கேட்கத்தான் நான் போயிருந்தேன். வேறு பதில் சொல்லக்கூடியவர் ஊரில் இல்லாமலில்லை. அவர்களிடம் நான் போகவில்லை. தோழர்களே, நெருக்கடியில் யாரிடம் யோசனை கேட்கப் போகிறோம் என்பதிலேயே நம் முடிவு தெரிந்துவிடுகிறது. கோழை கோழையிடம்தான் போவான்.

கையெழுத்துப் போட்டேன். தெய்வானை டீச்சருக்குப் பணி நிறுத்தக் கடிதமும் நானே எழுதினேன். அலுவலகக் கடிதங்கள் மலாயில் இருக்க வேண்டும் என்று அப்போது சொல்லத் தொடங்கியிருந்தார்கள். அதனால் மலாயில் எழுதினேன், அவர் சொல்லிக்கொடுத்த மலாயில்.

கடைசிப் பாடவேளை முடிந்து கையில் சுண்ணாம்புத் தூளோடு வந்தார். கடிதத்தை வாங்கி நின்றபடியே படித்தார். மீண்டும் ஒருமுறை படித்தார். பிறகு என் மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார்.

"இங்கே ஓர் எழுத்து விட்டுப்போச்சு, குரு பெசார்."

சேவை என்பதற்கு மலாயில் 'பெர்கிட்மாத்தான்' என்று எழுத வேண்டும். அதில் ஓர் எழுத்தை விட்டிருந்தேன். அவர் அதைச் சேர்த்தார்.

"ஆபீஸ்ல வைக்கிற லெட்டர். யாராச்சும் பார்த்தா நான் சரியாச் சொல்லித் தரலைன்னு நினைப்பாங்க."

"அடுத்த வருஷம் உங்களுக்குக் கண்டிப்பா..." என்று ஆரம்பித்தேன்.

"தாக் அப்பா," என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். விளையாட்டுச் சாமான் அறைக்குப் போய்த் தன் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் சரோஜா கதவைத் தட்டாமல் என் அறைக்குள் வந்தாள்.

"நீங்க யாரால பாஸ் பண்ணீங்க சார்?"

"உனக்கு இதெல்லாம் புரியாதும்மா. மேல இருந்து..."

"மேல யாரும் இல்ல சார். இந்த அறையில நீங்கதான் இருக்கீங்க."

இன்ஸ்பெக்டருக்கு ஒரு மனு எழுதிக்கொண்டு எல்லாரிடமும் போனாள். நான்கு பேர் படித்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்கள். ஒருவருக்கு வீட்டில் கஷ்டம், ஒருவருக்கு ஊர் மாற்றம் வர இருந்தது, இரண்டு பேர் காரணமே சொல்லவில்லை. சிங்காரம் வாங்கி, படிக்காமலே கையெழுத்துப் போட்டார். போட்டவர் என்னைப் பார்த்து, "கதவைச் சாத்திச் சொல்லிக் குடுத்தாங்க சார் அந்த அம்மா," என்றார்.

மனு என் வழியாகத்தான் போக வேண்டும் என்பது விதி. இரண்டே கையெழுத்து என்று சொல்லி அதையும் இழுப்பறையில் வைத்தேன். அந்த மாதக் கூட்டத்தில் என் பதவி உறுதியானது.

மச்சினன் மகன் வந்தான். அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அவன் கேட்டா வந்தான்? மலாய் வகுப்பில் பிள்ளைகளைச் சும்மா உட்கார வைத்துவிட்டுச் செய்தித்தாள் படிப்பான். ஆண்டு முடியுமுன்பே சிங்கப்பூரில் கப்பல் கம்பெனி வேலை கிடைத்துப் போய்விட்டான். பயிற்சியையும் முடிக்கவில்லை. மலாய்ப் பாடத்தை நாங்கள் ஆளுக்கொரு வகுப்பாகப் பிய்த்துக்கொண்டோம். தேர்வில் தேறுகிற மலாய் எங்களுக்கு இருந்தது. பிள்ளைகளைப் பேச வைக்கிற மலாய் இல்லை.

ஒருநாள் காலை ஒரு தாய் வந்தாள். நகராண்மையில் தெருக் கூட்டுபவள். கால் வீங்கித் துணி சுற்றியிருந்தது. இளைய மகள் பக்கத்தில் நின்றாள்.

"நேத்து ஆஸ்பத்திரிக்குப் போனேன் சார். மூத்தவ இருந்தப்ப அவதான் எனக்காகப் பேசுவா. இப்ப அவ வேலைக்குப் போயிட்டா, இவளைக் கூட்டிக்கிட்டுப் போனேன். தாதி என்னமோ கேட்டுச்சு, இவளுக்கு ஒரு வார்த்தை வரல. தப்பான வரிசையில மத்தியானம் வரைக்கும் நின்னோம். அப்புறம் நாளைக்கு வான்னுட்டாங்க." மகளைத் தள்ளி என் முன்னால் நிறுத்தினாள். "ரெண்டு பேரும் இதே பள்ளிக்கூடம்தான் சார். மூத்தவளுக்குச் சொல்லிக் குடுத்த டீச்சரை, இவ சேர்றதுக்கு முன்னாடியே எதுக்கு அனுப்பினீங்க?"

அந்தக் கேள்வியை இன்ஸ்பெக்டர் கேட்கவில்லை. வாரியம் கேட்கவில்லை. நான் ஆசிரியர் சங்கக் கூட்டங்களில் சந்தித்த எந்தப் பெரிய மனிதரும் கேட்கவில்லை. கால் வீங்கி வந்து நின்ற அந்த அம்மா கேட்டாள்.

இரண்டாவது பயிற்சி வகுப்புக்கான படிவம் வந்திருந்தது. அன்று மாலையே அதில் தெய்வானை டீச்சரின் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டு, எடுத்துக்கொண்டு கம்போங்குக்குப் போனேன். அவருடைய அப்பா இறந்திருந்தார், எனக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து யாரும் துக்கத்துக்குப் போகவில்லை என்று நினைத்தேன். பிறகு தெரிந்தது: சரோஜாவும் சிங்காரமும் போயிருக்கிறார்கள். என்னிடம் சொல்லவில்லை.

காலையில் வந்த தாய் கேட்டதைச் சொல்லி, படிவத்தை அவரிடம் கொடுத்தேன். முன்பக்கத்தைப் படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் படித்தார். நான் ஒருநாளும் பின்பக்கத்தைத் திருப்பியதில்லை.

"முப்பத்தஞ்சு வயசுக்குள்ள இருக்கணும்னு போட்டிருக்கு, குரு பெசார். எனக்கு மூணு மாசம் முன்னாடி முடிஞ்சுபோச்சு."

முதல் படிவம் வந்தபோது அவருக்கு முப்பத்து நான்கு. அந்த விதி அந்தப் படிவத்திலும் அதே இடத்தில் இருந்திருக்கும். அடுத்த ஆண்டு என்ற ஒன்று அவருக்குக் கிடையவே கிடையாது என்பது, அதை நான் வாக்காகக் கொடுத்த நாளிலேயே தாளில் அச்சாகியிருந்தது.

"இன்ஸ்பெக்டரைப் பார்த்து விலக்குக் கேட்கிறேன்," என்றேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. வேறொன்று கேட்டார்.

"அன்னைக்கு டீ பார்ட்டியில என் பேரை ஏன் சொல்லல?"

வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. இதைத்தான் கேட்டார். பொய் சொல்ல ஏதாவது கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. "சொல்ல மனசு வரல டீச்சர்," என்றேன். அவர் தலையசைத்தார். "அந்தப் பிள்ளைங்களை அனுப்புங்க. சாயங்காலம் நான் வீட்டிலதான் இருக்கேன்," என்றார்.

விலக்குக் கேட்டு நான்கு கடிதம் எழுதினேன். சரோஜாவின் மனுவையும் தாமதமாகச் சேர்த்து அனுப்பினேன். விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. விதி! மச்சினன் மகனுக்கு வளைந்த அதே விதி. சரோஜா இரண்டு ஆண்டுகள் பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனாள். பிறகு தெய்வானை டீச்சர் நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். மாலை வகுப்பும் நின்றது.

ஊழியர் நலம், ஊக்குவிப்பு, அரவணைப்பு என்றெல்லாம் இப்போது உங்களுக்கு இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறார்கள். நானும் ஒன்றுக்குப் போய் உட்கார்ந்து பார்த்தேன். யாரும் படிவத்தைப் பற்றிப் பேசவில்லை. ஓர் ஆசிரியரை ஆதரிப்பது என்றால் தோளில் தட்டுவது இல்லை ஐயா. அவருக்குச் சேர வேண்டிய தாள் உங்கள் மேசைக்கு வந்த அன்றே, இருபுறமும் படித்து, கையெழுத்துப் போட்டு, அனுப்பிவிடுவது. மேசை கேட்டால் மேசைக்கு எழுதுவது. மேடையில் நிற்கும்போது பின்வரிசையில் இருப்பவரின் பெயரைச் சொல்வது. இதற்குப் பெரிய மனது தேவையில்லை. நான் அந்த அளவுகூட இல்லாதவனாக இருந்தேன்.

பின்னால் வேறொரு பள்ளியில், வேறொரு வாரியக்காரர், இதே மாதிரி ஒரு படிவத்தின்மேல் கை வைத்தார். "அடுத்த வருஷம் பார்த்துக்கலாமே," என்றார். அவர் கையை எடுத்துவிட்டு அவர் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டேன். அடுத்த பள்ளித் தவணையிலேயே என்னைத் தொலைவில் ஒரு ரப்பர்த் தோட்டத்துப் பள்ளிக்கு மாற்றினார்கள். போனேன். ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. அவ்வளவு சின்ன விலைக்குப் பயந்துதான் அன்று அப்படிச் செய்தேன் என்று தெரிந்தபோது என்மேல் எனக்கு வந்த ஆத்திரம் இன்றுவரை ஆறவில்லை.

ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு என் மனைவியோடு நகரத்துக்குத் துணி எடுக்கப் போனேன். எந்தக் கடை என்று பார்க்காமல் நுழைந்துவிட்டேன். கஜக்கோலோடு நின்றது தெய்வானை டீச்சர். முடி வெளுத்திருந்தது. என்னைக் கண்டதும் முகம் மலர்ந்தது. பக்கத்தில் நின்ற மலாய்ப் பெண்ணிடம் என்னைக் காட்டி மலாயில் சொன்னார்:

"இவர் குரு பெசார். என்கிட்ட மலாய் படிச்சவர். முதல் தடவையிலேயே பாஸ்."

அந்தப் பெண் மரியாதையாகத் தலை வணங்கினாள். என் மனைவி சிரித்தாள். தெய்வானை டீச்சர் துணியை அளந்து, வெட்டி, மடித்து என் கையில் கொடுத்தார்.

இதைப் படித்துவிட்டு உங்களில் ஒருவர், "பாருங்கள், அந்த அம்மா மன்னித்துவிட்டார்," என்று சொல்வீர்கள். சொல்லாதீர்கள். அவர் என்னை மன்னிக்கவில்லை. தேநீர் விருந்து மேடையில் நான் சொல்லாமல் விட்டதை, ஒரு துணிக்கடையில் நின்று அவரே சொல்லிக்கொண்டார்.